எஃப்சி சைஸ் பதிமூணு அறை ஃபைல்: எங்க வீட்டு பேப்பர் மூட்டைக்கு தாங்குச்சா?

மொதல்ல தீர்ப்ப சொல்லிடறேன், அவசரத்துல இருக்கறவங்க இதோட கிளம்பிடலாம். கைப்பிடி வச்ச பிளாஸ்டிக் எக்ஸ்பாண்டிங் ஃபைல், தொறந்தா ஆர்மோனியம் மாதிரி விரியுமே அதான், உள்ள பதிமூணு அறை, முன்னூத்தம்பது ரூபா. அஞ்சுக்கு மூணரை ஸ்டார் குடுப்பேன். யாராவது "அந்த பேப்பர் கொண்டா"ன்னு கேட்டா தூக்கிட்டு ஓடறதுக்கு இத விட நல்ல சாமான் இந்த ரேட்ல கிடையாது. ஆனா தினமும் வீட்டுக்குள்ள வந்து விழற பேப்பருக்கு இது லாயக்கே இல்ல, அத நம்பி வாங்கினீங்கன்னா ரெண்டே மாசத்துல ஃபைலும் ஒரு குப்பைத்தொட்டி ஆயிடும்.

வீட்டு நிலவரம் தெரிஞ்சாத்தான் நான் சொல்றது புரியும். வேலூர் சத்துவாச்சாரியில இருக்கோம், ஆறு பேர். மாமா ராணிப்பேட்டை பெல் (பிஎச்இஎல்) கம்பெனியில வேல பாத்து ரிட்டயர்ட் ஆனவர், எதையும் தூக்கிப் போட மாட்டார், சத்துவாச்சாரி தனி நகராட்சியா இருந்த காலத்து வீட்டு வரி ரசீது கூட கட்டி வச்சிருக்கார். அத்தைக்கு சுகர், பிபி, முட்டி வலி, அவங்க சிஎம்சி ஆஸ்பத்திரி சீட்டு மட்டுமே ஒரு மஞ்சப்பை. பெரியவன் பத்தாவது, சின்னவ நாலாவது, ரெண்டு பேருக்கும் ஸ்கூல்லேந்து வர்ற சர்குலருக்கு கணக்கே இல்ல. வீட்டுக்காரர் வேலைக்கு போயிட்டு ராத்திரி வருவார், நானும் வேலைக்கு போறவ. அதனால பேப்பர்னு பாத்தா டிவி ஸ்டாண்டு, ஃப்ரிட்ஜ் தலை, பீரோ லாக்கர், மெத்தைக்கு அடியில, பரண் மேல இருக்கற பழைய சூட்கேஸ்னு வீடு பூரா பரவிக்கெடந்துச்சு, எது எங்க இருக்குன்னு ஆறு பேருக்கும் ஆறு விதமா தெரியும், சேத்து வச்சு ஒருத்தருக்கும் தெரியாது.

லாங்கு பஜார் பக்கம் ஹோல்சேல் ஸ்டேஷனரி கடையில வாங்கினது. கடைப்பையன் மொதல்ல எடுத்துப் போட்டது ஏ4 சைஸ், பாக்க அழகா இருக்கும், ஆன்லைன்ல வர்றதும் முக்காவாசி அதான். இங்கதான் கவனிக்கணும். ஏ4 பேப்பர் நீளம் கிட்டத்தட்ட 11.7 இன்ச். நம்ம பத்திரம், வாடகை அக்ரிமெண்ட், கோர்ட்டு பேப்பர் எல்லாம் லீகல் சைஸ், 14 இன்ச். ஏ4 ஃபைல்ல வச்சா ஒண்ணு மடிக்கணும், இல்ல மேல நீட்டிக்கிட்டு மூடி மூடாது, மடிச்ச எடத்துல பேப்பர் கிழிய ஆரம்பிக்கும், நாத்தனார் வீட்ல ஏ4 வாங்கி வச்சிருக்காங்க, அவங்க வீட்டு அக்ரிமெண்ட்டு நாலா மடிச்சு சினிமா நோட்டீஸ் கணக்கா கெடக்கு. கடையில "எஃப்சி சைஸ் குடுங்க"ன்னு கேளுங்க, ஃபுல்ஸ்கேப்னு சொல்ற நீள சைஸ் அது, உடனே புரிஞ்சிக்குவாங்க. விலை ஒரு எழுவது எம்பது கூட ஆகும், குடுக்கலாம், தப்பே இல்ல. கையில ஒரு நீளமான பேப்பர எடுத்துட்டுப் போய் கடையிலயே உள்ள வச்சு மூடிப் பாத்துட்டு வாங்கறது இன்னும் நல்லது, ஒவ்வொரு கம்பெனி எஃப்சியும் ஒவ்வொரு அளவு.

அடுத்தது பிளாஸ்டிக். இது ரொம்ப பேர் கண்டுக்காத விஷயம். ஃபைல் அடியில முக்கோணத்துக்குள்ள 5னு இருந்தா பாலிபுரொப்பிலீன், அதுதான் வேணும். 3னு இருந்தா பிவிசி, தொட்டா கொழகொழன்னு, புது ரெயின்கோட்டு நாத்தம் அடிக்கும். பிவிசியில அத இளக வைக்கறதுக்கு கலக்கற எண்ணெய் மாதிரி ஒண்ணு வெளிய கசியும், ஜெராக்ஸ் எழுத்து அதுல ஒட்டிக்கும், வருஷம் கழிச்சு கவர்லேந்து பேப்பர உருவினா பாதி எழுத்து கவர்லயே நிக்கும். மாமாவோட பழைய சர்வீஸ் பேப்பர் சிலது அப்படித்தான் போச்சு, "பேப்பர் கீது, எழுத்து எங்கம்மா போச்சு"ன்னு கண்ணாடிய கழட்டி கழட்டி மாட்டிக்கிட்டு பாத்தார். நான் வாங்கின ஃபைல் 5 நம்பர், இது வரைக்கும் எதுவும் ஒட்டல, அதுக்கு ஒரு முழு ஸ்டார்.

ஃபைலோட ஒரு ஷீட்டு குடுக்கறாங்க, அதுல பில்ஸ், இன்சூரன்ஸ், டேக்ஸ், மெடிக்கல், பெர்சனல்னு ரெடிமேட் லேபிள். அத அப்படியே தூக்கிப் போட்டேன். யோசிச்சுப் பாருங்க, பெரியவனோட சாதிச் சான்றிதழ் பெர்சனலா, ஸ்கூலா, கவர்மெண்டா? ஒரே பேப்பர் மூணு அறைக்கு போகும், அப்போ தேடறப்பவும் மூணு அறையத்தான் கொடையணும். நான் வச்ச கணக்கு வேற, இந்த பேப்பர யார் கேப்பாங்கன்னு பாத்து அறை பிரிச்சேன். ஸ்கூல் கேக்கறது ஒரு அறை, பிள்ளைக்கு ஒண்ணுன்னு ரெண்டு. தாலுகா ஆபீஸ், விஏஓ கேக்கறது ஒண்ணு. பேங்க் கேக்கறது ஒண்ணு. ஆஸ்பத்திரின்னா அத்தைக்கு தனி, மத்தவங்களுக்கு தனி. வண்டிய நிறுத்தினா கேக்கறது ஒண்ணு, மாமா பென்ஷனுக்கு ஒண்ணு, கரண்ட்டு கேஸ் வீட்டு வரி சேந்து ஒண்ணு, எல்ஐசிக்கு ஒண்ணு, ஃப்ரிட்ஜ் மிக்ஸி ரிப்பேருக்கு வர்றவர் கேக்கற வாரண்டி பில்லுக்கு ஒண்ணு, நிலத்து ஜெராக்ஸ் ஒண்ணு. கடைசி அறை பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ஆறு பேர் ஆதார் ஜெராக்ஸும், அத எல்லாரும் கேப்பாங்க. லேபிள்லயும் அப்படியே "ஸ்கூல்ல கேப்பாங்க", "பேங்க்ல கேப்பாங்க"ன்னு தமிழ்ல எழுதிட்டேன். இதனால என்ன ஆச்சுன்னா அத்தை கூட இப்ப என்னைக் கேக்காம எடுக்கறாங்க, ஆஸ்பத்திரிக்கு போறப்ப அந்த அறையில இருக்கறத கொத்தா உருவிக்கிட்டு ஆட்டோ ஏறிடறாங்க, நான் ஆபீஸ்ல இருந்துக்கிட்டு போன்ல "டிவி ஸ்டாண்டுல ரெண்டாவது தட்டுல பாருங்க அத்தை"ன்னு கத்த வேண்டியதில்ல.

ஆதார் ஜெராக்ஸ்ல ஒண்ணு செய்ங்க, எதுக்கு குடுக்கறீங்களோ அத குறுக்கால எழுதி தேதி போட்டு கையெழுத்து போட்டுக் குடுங்க. மிஞ்சின ஜெராக்ஸ பழைய பேப்பர் கடைக்கு முழுசா போடாதீங்க, கிழிச்சுப் போடுங்க. பஜ்ஜி மடிச்சு வர்ற காகிதத்துல யாரோ ஒருத்தர் மூஞ்சி சிரிக்கறத நானே பாத்திருக்கேன்.

நிலத்து அறைய பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும், இது நம்ம ஜில்லாக்காரங்களுக்கு மட்டும் இருக்கற தலைவலி. மாமாவோட பூர்வீகம் வாலாஜா பக்கம். ஒரே துண்டு நிலம்தான். பழைய பத்திரத்துல வட ஆற்காடு மாவட்டம்னு இருக்கும். 1989ல திருவண்ணாமலைய பிரிச்சப்புறம் எழுதினதுல வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அதுக்கப்புறம் வந்த ரசீதுல வேலூர் மாவட்டம். 2019 நவம்பர்ல ஜில்லாவ மூணா பிரிச்சாங்களா, இப்ப எடுத்த பட்டாவுல ராணிப்பேட்டை மாவட்டம். நிலம் நகரவே இல்ல, ஜில்லா பேரு மட்டும் நாலு! ஒரு ஆபீஸ்ல இத விரிச்சு வச்சப்போ சீட்ல இருந்த பையன் "இது நாலு வேற வேற சொத்தா சார்"னு மாமாவ கேட்டுட்டான், மாமாவுக்கு வந்த கோவத்த பாக்கணுமே. அதனால இந்த அறையில மட்டும் வருஷ வரிசைப்படி அடுக்கி, மேல ஒரு வெள்ளத்தாள்ல கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு, எந்த வருஷம் எந்த மாவட்டப் பேரு எல்லாத்தையும் எழுதி ஜெம் கிளிப் போட்டு வச்சிருக்கேன், கேக்கறவங்க கையில அந்தத் தாள மொதல்ல குடுத்துடறது.

முக்கியம், ஃபைல்ல இருக்கறது ஜெராக்ஸ் மட்டும்தான். தாய்ப்பத்திரம், மார்க்‌ஷீட் ஒரிஜினல், எல்ஐசி பாண்டு இதெல்லாம் இந்த மாதிரி தூக்கிட்டு திரியற ஃபைல்ல வைக்கவே கூடாது, ஆட்டோவுல மறந்து வச்சா தீந்துச்சு. அதெல்லாம் பீரோவுல, அதுவும் மேல் தட்டுல. 2021 நவம்பர்ல பாலாறு பொங்கி ஓடினத பாத்தவங்களுக்கு கீழ் தட்டு ஏன் வேணாம்னு சொல்ல வேண்டியதில்ல. கரையானுக்கும் கீழதான் புடிக்கும். அத்தை ஒவ்வொரு கட்டுலயும் ஒரு துண்டு வசம்பு போட்டிருக்காங்க, அவங்க அம்மா வீட்டு பழக்கம். ஸ்டேப்ளர் பின்ன எல்லாம் புடுங்கிட்டேன், துரு ஏறி பேப்பர்ல ஓட்டை போடுது. ரப்பர் பேண்டும் ஆகாது, நம்மூர் வெயிலுக்கு உருகி ஒட்டிக்குது.

வெயில்னு சொன்னதும் ஞாபகம் வருது, குறைய எல்லாம் இங்கயே கொட்டிடறேன். கத்திரி வெயில்ல நம்மூர் நாப்பது டிகிரிய தாண்டறப்போ இந்த ஃபைலோட எலாஸ்டிக் கயிறு தொளதொளன்னு ஆயிடுச்சு, இப்ப பட்டனுக்கு மாட்டினா சும்மா பேருக்கு நிக்குது, தூக்கறப்ப வாய பொளந்துக்குது. எலாஸ்டிக் வச்சத வாங்காம அமுக்கற பட்டன் வச்சதோ பக்கிள் வச்சதோ கெடச்சா அத வாங்குங்க. லேபிள் சொருகற சின்ன கண்ணாடிக் கவர் வழுக்கி விழுந்துடுது, நான் மேல செல்லோ டேப் ஒட்டியிருக்கேன். நெறைய வச்சா ஃபைல் நிக்காது, ஒரு பக்கமா சாஞ்சு விசிறி மாதிரி படுத்துக்குது, பக்கத்துல ஒரு டிக்‌ஷனரிய முட்டுக் குடுத்து வச்சிருக்கேன். எக்ஸ்ரே ஃபிலிம் உள்ள போகவே போகாது, அது இன்னும் அஞ்சு வருஷம் ஆனாலும் அந்தப் பெரிய கவர்லயே பீரோ பின்னாடி நிக்க வேண்டியதுதான். அரை ஸ்டார் எலாஸ்டிக்குக்கு கட், ஒரு ஸ்டார் சாய்றதுக்கு கட்.

வாரண்டி அறைக்கு ஒரு எச்சரிக்கை, இது ஃபைல் குத்தம் இல்ல. கடையில மெஷின்லேந்து கர்ருனு வர்ற பில்லு, ஏடிஎம் சீட்டு, பெட்ரோல் பங்க் சீட்டு எல்லாம் தெர்மல் பேப்பர், அதுல மையே கிடையாது, சூடு பட்டா கருக்கற பூச்சுதான். சும்மா வச்சாலே கொஞ்ச நாள்ல வெளுத்து வெத்துக் காகிதம் ஆயிடும், சூட்டுல சீக்கிரம் ஆகும், பிவிசி கவர்ல போட்டா இன்னும் சீக்கிரம். பத்திரமா இருக்கட்டும்னு லேமினேஷன் போட்டீங்கன்னா மெஷின் சூட்டுல முழுசா கருப்பாயிடும். வாங்கின அன்னிக்கே ஜெராக்ஸ் எடுத்து வாரண்டி கார்டோட சேத்து வைங்க, அதான் வழி.

லேமினேஷன்னதும் இன்னொண்ணு. மார்க்‌ஷீட், டிகிரி சர்ட்டிஃபிகேட்ட லேமினேட் பண்ணாதீங்க. வேலூர்ல நர்ஸிங் முடிச்சிட்டு வெளிநாடு போற பிள்ளைங்க எத்தினி பேர், அவங்கள கேளுங்க, அட்டெஸ்டேஷன் முத்திரைய சர்ட்டிஃபிகேட் பின்பக்கம்தான் குத்துவாங்க, பிளாஸ்டிக் மேல குத்த முடியாது, அப்புறம் அத உரிக்கறதுக்கு அலையணும்.

"இதெல்லாம் எதுக்கு, டிஜிலாக்கர் இருக்கே"ன்னு வீட்டுக்காரர் வாங்கறப்பவே கேட்டார். இருக்கு, டாக்குமெண்ட்ட போன்லயே வச்சுக்கற கவர்மெண்ட் ஆப், 2015லேந்து இருக்கு, ஓசி, நானும் வச்சிருக்கேன். லைசென்ஸ், ஆர்சி அதுல காட்டினா போலீஸ் ஒத்துக்கறாங்க, அதனால வண்டி அறை பாதியா கொறஞ்சுது. ஆனா ஒரு வித்தியாசம் தெரிஞ்சு வச்சிக்கணும். ஆபீஸ்லேந்து நேரா அதுக்குள்ள வர்ற டாக்குமெண்ட்டுக்குத்தான் ஒரிஜினல் மதிப்பு. நாமளா போட்டோ புடிச்சு ஏத்தி வைக்கறது வெறும் காப்பி, நம்ம கையில இருக்கற போட்டோவுக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்ல. பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் ஆன்லைன்ல எடுத்துக்கலாம், அதனால பழைய பிரிண்ட் அவுட்ட மூட்டையா சேத்து வைக்க வேணாம், புதுசு ஒண்ணு போதும். மாமாவுக்கும் இப்படித்தான், ஆயுள் சான்ற ஆதார வச்சே குடுத்துடறார், பிஎஃப் பென்ஷன்காரங்களுக்கு எந்த மாசம் குடுத்தாலும் அதுலேந்து ஒரு வருஷத்துக்கு செல்லும், ஆனாலும் பிபிஓ நம்பரும் (பென்ஷன் ஆர்டர் நம்பர்) பாஸ்புக் ஜெராக்ஸும் கையில வேணும்ல, அது ஃபைல்லேந்துதான். இதெல்லாத்துக்கும் மேல, போன் என் கையில, நான் ஆபீஸ்ல, பேப்பர் வேணும்னு நிக்கறது அத்தை. டிஜிலாக்கர் என் ஒருத்தியோட பீரோ, ஃபைல் எல்லாரோட பீரோ.

பெரியவன் ஸ்கூல் அறையில ஒரு துண்டு காகிதத்துல 15 வயசு ஆதார் அப்டேட்னு எழுதிப் போட்டிருக்கேன். பிள்ளைங்களுக்கு 5 வயசுலயும் 15 வயசுலயும் கைரேகை, கண்ணு எல்லாம் புதுசா எடுக்கணும், பத்தாவது பரிட்சை அமளியில அது மறந்துடும்.

சரி, தினமும் வர்ற பேப்பருக்கு வர்றேன். மாமா ரூம்ல ஆணியில ஒரு கம்பி தொங்குது, அடியில ஒரு வட்டக் கட்டை, மேல வளைச்சு கூரா இருக்கும், பழைய மளிகைக் கடையில பில்லு குத்தி வைப்பாங்களே அதே. கரண்ட்டு பில்லு, கடுதாசி, கேஸ் ரசீது எது வந்தாலும் வாசப்படியிலேந்து நேரா வந்து ஒரு குத்து. அவ்ளோதான் வேலை. ஃபைலுக்கு என்ன பண்ணணும், தூக்கணும், கயித்த கழட்டணும், விரிக்கணும், அறைய தேடணும், சொருகணும், மூடணும், ரெண்டு கையும் வேணும். சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்புல பால் இருக்கறப்ப எவ பண்ணுவா. அதனால டிவி ஸ்டாண்டுல "அப்புறம் வைக்கலாம்"னு ஒரு குவியல் மறுபடி மொளைச்சுது. நான் மாமா வழிக்கே வந்துட்டேன், கம்பியில குத்தினா பேப்பர் ஓட்டை ஆகுதுன்னு கிச்சன் கதவு பின்னாடி பரிட்சை எழுதற அட்டை ஒண்ண ஆணியில மாட்டிட்டேன், மேல பெரிய கிளிப் இருக்கும்ல, நாப்பது ரூபா. சர்குலரோ பில்லோ எது வந்தாலும் அதுல மாட்டு, ஞாயித்துக்கெழம குழம்பு கொதிக்கறப்ப கழட்டி, வேணுங்கறது ஃபைலுக்கு, வேணாங்கறது பழைய பேப்பர் கட்டுக்கு. ஃபைல் தயாரிக்கறவங்க இந்த அட்டையையும் சேத்து வித்தா அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பேன்.

எதுலயும் அடங்காத ஐட்டம் ஒண்ணு இருக்கு, கல்யாணப் பத்திரிகை. ஆவணி, தை வந்தா எங்க வீட்ல கொத்து கொத்தா சேரும், பிள்ளையார் படம், மஞ்சள் தடவினது, குப்பையில போட அத்தை விடவே மாட்டாங்க. இப்ப சாமி படத்த மட்டும் கத்திரிச்சு அத்தை எடுத்துக்கறாங்க, பின்பக்க அட்டை சின்னவளுக்கு படம் வரைய. மாமா பங்குக்கு தினசரி காலண்டர் தாள கிழிச்சு பின்னாடி பால் கணக்கு எழுதறத நிறுத்த மாட்டேங்கறார், அத நான் தொடல, பெரியவர் ஆபீஸ் அது.

வேற என்ன வாங்கலாம்னு கேட்டா, பெட்டி மாதிரி வர்ற பாக்ஸ் ஃபைல் நிமிந்து நிக்கும், சாயாது, ஆனா உள்ள அறை கிடையாது, எல்லாம் ஒரே குவியல். கவர் கவரா புக்கு மாதிரி வர்ற கிளியர் ஃபைல் மார்க்‌ஷீட்டுக்கு நல்லது, கவர் எந்த பிளாஸ்டிக்னு பாத்து வாங்கணும். ஜிப் வச்ச துணி பேக் ஒண்ணு ஆன்லைன்ல ஆயிரத்துக்கு மேல போட்டிருக்கான், தீ புடிக்காதுன்னு எழுதியிருக்கான், அந்தக் காசுல பீரோவுக்கு நல்ல பூட்டு போடலாம்.

வீட்ல ரெண்டு பேருக்கு மேல ஆஸ்பத்திரி பேப்பர் இருந்தா அதுக்கு தனியா சின்னது ஒண்ணு, அஞ்சு அறை வச்சது வாங்கிடுங்க, கலர் வேற கலரா. பதிமூணு அறையில ரெண்ட மருந்துச் சீட்டே ரொப்பிடுது. லாங்கு பஜார்ல காலையில பதினோரு மணிக்குள்ள போனா வண்டி நிறுத்த எடம் கெடைக்கும், சாயங்காலம் போகாதீங்க. லேபிள பென்சில்ல எழுதுங்க, பெரியவன் அடுத்த வருஷம் ஸ்கூல் மாறப்போறான், அழிச்சு எழுத வசதியா இருக்கும்.